பதூலின் விருந்தாளி அறை

பதூலோடு டாக்ஸியில் போகக் கூடாது என்பது ஸாஃபி துறைமுக ஊரில் அவளைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். ஏறும்போது ஒரு சண்டை, இறங்கும்போது இன்னொன்று. மீட்டர் ஏன் ஓடவில்லை, கண்ணாடி ஏன் இறங்கவில்லை, துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு போகச் சொல்லி உன்னிடம் யார் கேட்டார்கள். நாற்பத்து நாலு வயது, நல்ல உரத்த குரல். பகலில் மத்தி மீன் டப்பா ஆலையில் சம்பளக் கணினியைப் பார்த்துக்கொள்வாள். மாலையில் துறைமுகத்துக்குப் பின்னால், என்ஜின் உதிரிபாகக் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறைக்கு வருவாள். அங்கே அவளுக்கென்று ஒரு டீ கிளாஸ் உண்டு. அதை வேறு யாராவது தொட்டுவிட்டால் அன்றைக்கு அந்த அறையில் ஒரு வேலையும் நடக்காது.

இப்படிப்பட்ட ஒருத்தியின் முன்னால் தான் வாயடைத்துப்போய் நிற்கும் நாள் ஒன்று வரும் என்று யூபா கனவிலும் நினைத்ததில்லை.

அந்த அறையை வாடகைக்குப் பிடித்தவன் யூபாதான். 'மௌஜா' என்ற மென்பொருளைத் தொடங்கியவனும் அவனே. காற்று எப்போது திரும்பும், அலை எப்போது துறைமுக வாயை மூடும் என்று மீன்பிடிப் படகுகளுக்குச் சொல்வது அதன் வேலை. கைபேசிக்கு ஒன்று, துறைமுகப் பலகைக்கு ஒன்று, படகின் சுக்கான் அறையில் ஆணியடித்து மாட்டும் சின்னப் பெட்டிக்கு ஒன்று என்று அது இருபதுக்கு மேற்பட்ட துண்டுகளாக வளர்ந்துவிட்டது. திறந்த மூலம். யார் வேண்டுமானாலும் உள்ளே பார்க்கலாம், திருத்தலாம், இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதே கரையில் இருக்கும் அகாதிரிலிருந்தும் தாக்லாவிலிருந்தும், எல்லைக்கு அப்பால் நுவாதிபூவிலிருந்தும் ஆட்கள் எழுதினார்கள். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. சண்டைக்கு மட்டும் எந்தக் குறைவும் இல்லை.

மனிதர்கள் எழுதுவது எழுத்து. பெட்டிக்கு எழுத்து புரியாது. அதைப் பெட்டி சாப்பிடுகிற மாதிரி ஆக்கித் தருவதற்கு ஒரு கருவி இருக்கிறது, அந்த வேலைக்கு 'பில்ட்' என்று பெயர். கருவி தனியாக ஒன்றும் செய்யாது. அதற்குள் செருகிய ப்ளகின்கள்தான் ஆளுக்கொரு வேலையைச் செய்யும். ஒன்று மொழிமாற்றும், ஒன்று சோதிக்கும், ஒன்று நேரத்தைப் பொறிக்கும், ஒன்று முத்திரை வைத்துப் பூட்டும். மௌஜாவில் ஒவ்வொரு துண்டும் இவற்றைத் தன் வீட்டிலேயே வைத்திருந்தது. யூபா முதலில் எழுதியதை ஒருவன் பார்த்து எழுதினான், அவனைப் பார்த்து இன்னொருவன். இருபது வீட்டிலும் ஒரே குழம்பு, இருபது விதமான உப்பு.

அதையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று பதூல் கிளம்பியபோது யூபாவுக்கு எரிச்சல்தான் வந்தது.

"இது என்னக்கா வேலை? புயல் கணக்கைச் சரிபண்ண ஆள் இல்ல. நீங்க அடுப்பங்கரை அலமாரியை அடுக்கிட்டு இருக்கீங்க."

"அடுக்காத அலமாரியில உனக்கு உப்பு எதுன்னு தெரியுதா? சீனிய அள்ளி மீன்ல போடுவ" என்றாள் பதூல், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவள் அடுக்கிய விதம் அவனுக்குப் பிறகுதான் புரிந்தது. யாருடைய வரியையும் அவள் தன் இஷ்டத்துக்குத் தூக்கி எறியவில்லை. ஒவ்வொரு துண்டையும் எழுதியவரைக் கூப்பிட்டு, "இந்த வரிய எதுக்குப் போட்டே?" என்று கேட்பாள். தெரியாது, எங்கிருந்தோ எடுத்தேன் என்பார்கள். எங்கிருந்து என்று தேடிக்கொண்டு போவாள். ஒரு வரியின் முகத்தைப் பார்த்தே இது தாக்லாக்காரன் அகாதிர்க்காரனிடமிருந்து எடுத்தது, அவன் பாதியை விட்டுவிட்டான் என்று சொல்லிவிடுவாள். காரணம் தெரிகிறவரை அந்த வரி அங்கேயே இருக்கும். தெரிந்த பிறகு அது பொது ப்ளகினுக்குள் தன் இடத்தில் போய் உட்காரும், பக்கத்தில் அந்தக் காரணமும் எழுதப்பட்டிருக்கும்.

யூபாவிடமும் ஒரு வரியைக் கேட்டாள். எந்த ஊரில் பில்ட் செய்தாலும் ஸாஃபி நேரத்தைத்தான் பொறிக்க வேண்டும் என்று அவன் முதல் வருஷத்தில் எழுதி வைத்திருந்தான்.

"இது எதுக்கு?"

"மௌஜா பொறந்த ஊர் ஸாஃபி. உலகமே இந்த ஊர் மணிய பார்த்து எழுந்திரிக்கட்டுமே."

பதூல் வயிறு குலுங்கச் சிரித்தாள். "ஆசையப் பாரு பையனுக்கு! சரி, இருந்துட்டுப் போகட்டும்." அந்தப் பெருமைக்காரனின் வரியும் பொது ப்ளகினுக்குள் போனது. காரணம் என்ற இடத்தில் 'யூபாவின் ஊர்ப்பற்று' என்று எழுதி வைத்தாள்.

எல்லாத் துண்டுகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கடைசியில் பெட்டி ஒன்றுதான் பாக்கி. அங்கே யூபா காலை ஊன்றிக்கொண்டான்.

அதற்கும் காரணம் உண்டு. அவன் அண்ணன் பூஜ்மாவின் படகு ஒரு குளிர்காலத்தில் துறைமுக வாயில் அலையில் சிக்கி, கவிழ்கிற நிலைக்குப் போய்த் திரும்பியது. அந்த வாரமே, உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல், யூபா எழுதியது பெட்டியின் பில்ட். முன்னூறு வரி, அத்தனையும் கோணல்மாணல். ஆனால் அவனுக்கு அது வெறும் பில்ட் இல்லை.

"இத மட்டும் விட்டுடுங்கக்கா. இதுல யாரும் கைவைக்க வேணாம்."

பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்து மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். பதூல் "சரி" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று யூபா நினைத்துக்கொண்டான்.

அடுத்த நோன்பு மாதம் வந்தது. நோன்பு வந்தால் இந்த நாட்டில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், பெருநாள் கழிந்தால் மறுபடி முன்னால் வரும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மாற்றிக்கொண்டார்கள். அந்த வாரமே மீன்பிடித் தடைக்காலமும் முடிந்தது. வியாழக்கிழமை நோன்பு திறந்த கையோடு படகுகள் கிளம்புவதாக ஏற்பாடு.

வியாழன் மதியம் யூபா அறையில் தனியாக இருந்தான். பள்ளிவாசலில் லுஹர் தொழுகைக்கு அழைப்பு கேட்டது. அலமாரியில் சோதனைக்கு வைத்திருந்த பெட்டியை யதேச்சையாகப் பார்த்தான். பெட்டி ஒரு மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

கடிகாரம் எந்த ஞாயிறு மாறும் என்ற அட்டவணையை இரண்டு வருஷத்துக்கு முன்பே கணக்குப் போட்டுப் பெட்டிக்குள் வைத்தவன் அவன்தான். இந்த முறை அரசாங்க அறிவிப்பில் மாற்றம் ஒரு வாரம் முந்தி வந்துவிட்டது, பெட்டிக்கு அது தெரியாது. அன்றிரவு பெரிய அலை வரப்போகிறது. மூன்று மணிக்குத் துறைமுக வாய் மூடிவிடும். பெட்டியோ நாலு மணி என்று காட்டிக்கொண்டிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்து மூன்றரைக்குத் திரும்புகிற படகு நேராகப் போய் அலைக்குள் நுழையும்.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டான்.

"பெட்டி சொல்றத நம்பாதேண்ணா. ஒரு மணி நேரம் தப்பு."

"மனுஷன் பேச்ச நம்பாத, பெட்டிய நம்புன்னு ரெண்டு வருஷமா என் காதுல ஓதினது யாரு?" என்றான் பூஜ்மா. "நோன்பு உனக்குத் தலைக்கேறிடுச்சு. போய்ப் படுறா."

"சத்தியமாண்ணா!"

"சரி, நான் கேட்டுக்கறேன்னே வை. கரை நெடுக இருக்கிற படகுக்கெல்லாம் நீ போன் பண்ணுவியா? பெட்டியச் சொல்லச் சொல்லு. பெட்டி சொன்னா எல்லாரும் கேப்பான்."

அண்ணன் சொன்னது நியாயம். பிழையைத் திருத்த அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சிக்கல் அதற்கப்புறம்தான். மௌஜாவில் 'இரண்டு கை' என்று ஒரு கட்டுப்பாடு உண்டு. ஸாஃபியில் ஒருவர், நுவாதிபூவில் ஸிதாத்தி என்ற நண்பர், ஆளுக்கொரு கணினியில் தனித்தனியாகப் பில்ட் செய்வார்கள். இரண்டும் கடைசிப் புள்ளி வரை அச்சாக ஒத்துப்போனால்தான் படகுப் பெட்டி புதியதை ஏற்கும். ஒருவன் ஏமாற்றி நஞ்சைக் கலந்தால் கடலில் உயிர் போகும், அதற்காக வைத்த பூட்டு. அதைத் திறக்க வேறு வழி இல்லை.

ஒத்துப்போகவில்லை. எந்தத் துண்டும் ஒத்துப்போகவில்லை.

"நம்ம ரெண்டு பேரும் ஒரே எழுத்தைத்தானே பில்ட் பண்ணோம்?" ஸிதாத்தியின் குரல் போனில் கரகரத்தது. "ஸாஃபியில என்னத்தைய்யா கலக்கறீங்க?"

நோன்பு நாள் என்பதால் ஆலை மூன்று மணிக்கே விட்டுவிட்டது. பதூல் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தாள். டாக்ஸிக்காரனைத் திட்டிய கடைசி வார்த்தை இன்னும் வாயில்தான் இருந்தது. யூபா விஷயத்தைச் சொன்னான். இரண்டு ஊரில் வந்த கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து சற்று நேரம் பார்த்தாள்.

"உலகமே உன் ஊர் மணியப் பார்த்து எழுந்திரிக்கணும்னியே" என்றாள். "ஸிதாத்தியோட கணினி இன்னும் எழுந்திரிக்கல. நாம கடிகாரத்த மாத்தினது அதுக்குத் தெரியாது. அதோட ஸாஃபி நேரம் வேற, நம்ம ஸாஃபி நேரம் வேற."

யூபாவுக்கு முகம் செத்துவிட்டது. பெட்டிக்குள் இருந்த தப்பும் அவனுடையது, பில்ட்டுக்குள் இருந்த தப்பும் அவனுடையது. இரண்டும் ஒரே தப்பு. ஒன்று அவசரத்தில் வந்தது, மற்றது பெருமையில் வந்தது.

"சிரிச்சுட்டு உள்ள வெச்சது நான். பாதி எனக்கு" என்று சொல்லிக்கொண்டே பதூல் நேரம் பொறிக்கும் பொது ப்ளகினைத் திறந்தாள். ஸாஃபி என்ற சொல்லை எடுத்துவிட்டு, நோன்பும் பெருநாளும் பார்த்து மாறாத உலகப் பொது நேரத்தை அங்கே வைத்தாள். ஒரே ஒரு வரி.

"ஸிதாத்தி, மறுபடி ஓட்டுங்க."

பிறகு நடந்ததை யூபாவுக்கு இன்றைக்கும் சொல்லி மாளாது. துறைமுகப் பலகை, ஒத்துப்போச்சு. கைபேசி, ஒத்துப்போச்சு. அகாதிர்க்காரன் எழுதியது, தாக்லாக்காரன் எழுதியது, யார் எழுதினார்கள் என்றே மறந்துபோனது, எல்லாம் ஒவ்வொன்றாக. அந்த வரியை யாரும் தங்கள் வீட்டுக்குள் போய்த் தேடவில்லை, யாரையும் எழுப்பவில்லை. இரண்டு நாட்டில் இரண்டு இயந்திரங்கள், கோடிக்கணக்கான புள்ளிகள், ஒன்றுகூட வித்தியாசம் இல்லை. ஸிதாத்தி முதலில் "ஒத்துப்போச்சு" என்று சாதாரணமாகத்தான் சொன்னார். போகப் போக அவர் குரல் தொழுகையில் ஆமீன் சொல்கிற மாதிரி ஆகிவிட்டது. யூபாவுக்குக் கையில் மயிர்க்கூச்செறிந்தது. இவள் அடுக்கியது அலமாரி இல்லை என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"பெட்டி?" என்றார் ஸிதாத்தி. "பெட்டி மட்டும் ஒத்துப்போகல."

ஆமாம். பெட்டி அந்த வீட்டில் இல்லை. யூபா வைத்திருந்த தனி வீட்டில் இருந்தது.

அவன் தன் முன்னூறு வரிக்குள் இறங்கினான். நேரத்தைப் பொறிக்கும் இடம் ஒன்று கிடைத்தது, திருத்தினான், ஒத்துப்போகவில்லை. இன்னொரு இடமும் கிடைத்தது. அதையும் திருத்தினான், அப்போதும் ஒத்துப்போகவில்லை. கோப்புகளை எந்த வரிசையில் கட்டுகிறோம் என்று எங்கேயோ ஒன்று இந்த முறை கணினிக்குக் கணினி மாறியது, அது எங்கே என்று பிடிபடவில்லை. தானே எழுதிய வரிகள் அவனையே யாரென்று கேட்டன. கீழே கடைக்காரர் மெக்கி ஹரீரா கஞ்சியைச் சூடு பண்ணுகிற வாசம் மாடிப்படி வழியாக ஏறி வந்தது. நோன்பு திறக்கும் சங்கு ஊத இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. அது ஊதினால் படகுகள் போய்விடும். புதியது கரையில் நிற்கும் படகுக்குத்தான் ஏறும், கடலுக்குள் போனதற்கு ஏறாது.

பதூல் அவன் திரையைப் பார்த்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

"என்னால முடியலக்கா" என்றான் கடைசியில். "அண்ணன் கிளம்பிடுவான். நீங்களே பாருங்க. என்ன வேணா பண்ணுங்க."

அதற்காகவே காத்திருந்தவள் போல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். தன் கணினியில் ஒரு கோப்புறையைத் திறந்தாள். அதன் பெயர் 'விருந்தாளி'.

உள்ளே பெட்டியின் பில்ட் இருந்தது. முன்னூறு வரி இல்லை, இருபதுகூடத் தேறாது. எல்லாம் பொது ப்ளகின்களைக் கூப்பிட்டன. கீழே வரிசையாக நாட்கள். யூபா "விட்டுடுங்க" என்று சொன்ன மறுநாளிலிருந்து நேற்று வரை ஒவ்வொரு நாளும், அவனுடைய பில்ட்டையும் இதையும் பக்கத்தில் வைத்து ஓட்டி, இரண்டும் ஒரே விளைவைத் தருகிறதா என்று பார்த்திருந்தாள். எல்லா நாளும் தந்திருந்தது. ஏறக்குறைய ஒரு வருஷம்.

"இது... எப்போக்கா?"

"பார்த்தா தெரியலயா?"

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"வேணாம்னு சொன்னவன் வீட்டுக்குள்ள நான் எப்படிடா நுழையறது? ஆனா என் வீட்டுல ஒரு அறைய தினம் பெருக்கி வைக்கறதுக்கு உன்கிட்ட எதுக்கு அனுமதி? வந்தா வா. வராட்டிப் போ. அறை சுத்தமா இருக்கும்."

யூபா வரிகளைப் படித்துக்கொண்டே போனான். நடுவில் ஒன்றில் கண் நின்றது. பெட்டி விழித்ததும் கொஞ்சம் பொறுத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடங்க வேண்டும் என்று ஒரு வரி. அவன் எழுதியதுதான். எதற்கென்று அவனுக்கே மறந்துவிட்டது. பக்கத்தில் பதூல் காரணம் எழுதியிருந்தாள்: 'பூஜ்மா படகில் இருப்பது முதல் பெட்டி, உப்பேறியது, மெதுவாகத்தான் விழிக்கும். எடுக்காதே.'

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க அண்ணன் படகுல போய் உக்காந்து பார்த்தேன். மீன் விலையப் பத்தி அந்தாளோட ஒரு மணி நேரம் சண்டை. உன்கிட்ட சொல்லலயா? வெக்கமா இருந்திருக்கும், தோத்தான்ல."

அவன் நெஞ்சில் வைத்துக் காப்பாற்றியதாக நினைத்திருந்த ஒன்றை அவனைவிடப் பத்திரமாக இன்னொருத்தி காப்பாற்றி வைத்திருக்கிறாள். கடிகாரமும் அறிவிப்பும் பெருமையும் பசியும் எத்தனையோ தப்பை உண்டாக்கட்டும். இப்படி ஒருத்தி எங்கேயோ உட்கார்ந்து தினமும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் உலகம் எப்படியோ நிலைத்து நிற்கும் என்று அவனுக்குத் தோன்றியது. பயபக்தி என்கிறார்களே, அது இதுதான். பள்ளிவாசலில்கூட அவனுக்கு அது இவ்வளவு தெளிவாக வந்ததில்லை.

தன் முன்னூறு வரியை அவனே தன் கையால் அழித்தான். அவளுடைய இருபது வரியை அந்த இடத்தில் வைத்தான். இரண்டு ஊரிலும் பில்ட் ஓடியது.

"ஒத்துப்போச்சு" என்றார் ஸிதாத்தி. "அல்லாஹ்வே, அச்சா ஒத்துப்போச்சு."

சங்கு ஊதுவதற்கு முன்பே கரை நெடுகப் பெட்டிகள் புதியதை வாங்கிக்கொண்டன. பூஜ்மாவின் பழைய பெட்டி மட்டும் வழக்கம்போல் கடைசியாக, மெதுவாக விழித்தது. பதூல் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, பழம் காய்ந்து கிடக்கிறது என்று மெக்கியைத் திட்டினாள்.

மறுநாள் காலை யூபா துறைமுகத்துக்குப் போனான். எல்லாப் படகும் உள்ளே இருந்தன. வெளியே தடுப்புச்சுவருக்கு மேலாக அலை இன்னும் ஏறி விழுந்துகொண்டிருந்தது. பூஜ்மா கூடைகளுக்கு நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தான்.

"பெட்டி மூணுன்னுச்சு. ரெண்டரைக்கே எல்லாரும் உள்ள வந்துட்டோம். மூணுக்கு வந்தது பாரு ஒரு அலை, மலை மாதிரி! நாலு மணின்னு நம்பியிருந்தா இப்ப நீ என்னைத் தேடிட்டு இருப்ப." தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். "பரவால்லடா. உன் தலையில கொஞ்சம் மூளை இருக்கு."

"நான் இல்லண்ணா. பதூல் அக்கா."

"யாரு, அந்தச் சண்டைக்காரியா? அவ புயல் கணக்கெல்லாம் எழுதுவாளா?"

"இல்ல. அவங்க எழுதறதுல ஒரு வரிகூட உன் பெட்டிக்குள்ள வராது. நாங்க எழுதினது எழுதினபடியே உனக்கு வந்து சேருது பாரு, அது அவங்க."

பூஜ்மா தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தான். பிறகு குனிந்து, கரையில் உட்கார்ந்து வலை தைக்கிறவர்களுக்குப் பங்கு வைக்கும் இடத்தில் இன்னொரு கூடையை எடுத்து வைத்தான். வலை தைக்கிறவன் கடலுக்கு வருவதில்லை, ஆனால் ஒவ்வொரு நாள் பிடிபட்ட மீனிலும் அவனுக்குப் பங்கு உண்டு. "இனிமே தினம் அவளுக்கும் உண்டு" என்றான். "விலையைப் பத்தி மட்டும் பேச வேணாம்னு சொல்லு."

மாலையில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு யூபா கூடையைத் தூக்கிக்கொண்டு பதூல் வீட்டுக்குப் போனான். இத்தனை வருஷத்தில் வாசலோடு நின்று பேசிவிட்டு வந்ததுதான். அவள் கூடையை எட்டிப் பார்த்தாள்.

"சுத்தம் பண்ணாம அப்படியே தூக்கிட்டு வந்திருக்கான் பாரு! யாரு குடல் எடுக்கறது? வா உள்ள."

நடையைத் தாண்டி மூடியிருந்த ஒரு கதவைத் திறந்தாள். சுவரோரம் நெடுக மெத்தை ஆசனங்கள், சுருக்கமில்லாத விரிப்பு, நடுவில் வட்ட மேஜை, ஒரு தூசி இல்லை. வீட்டு ஆட்கள் புழங்கிய சுவடே அங்கே இல்லை.

"யாராவது வர்றேன்னு சொல்லி இருந்தாங்களாக்கா?" என்று கேட்டான் யூபா, செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"இல்லையே" என்றாள் பதூல். "உக்காரு."